ஒலிவ் ரெய்ன் கத்திய சொல்

ஒலிவ் ரெய்னுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். கேன்டீன் வரிசையில் நிற்பவர்கள் அதைப் பார்த்ததுமே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கார்த்வெல் சுரங்கத்துக் கேன்டீனில் பதினேழு வருடமாகத் தலைமைச் சமையல் அவளுடையது. ஒருமுறை துணை மேனேஜர் ஒருவர் குழம்பில் கிடந்த மாவு உருண்டையை முள்கரண்டியால் தட்டிப் பார்த்து, "இதை எறிஞ்சா நிலக்கரி உடையுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒலிவ் தட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். வெளியே போய், அதிலிருந்ததை வாசல் நாய்க்குப் போட்டாள். வெறும் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப சாப்பிடு" என்றாள்.

நான் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ். பிறந்தது தூத்துக்குடி. வடக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் சீமைக்கு வந்து, நான் சொல்லப்போகும் காலத்தில், பதினான்கு வருடம் ஆகியிருந்தது. என் பெயரை அவர்களால் சொல்ல முடியாது. "நர்சு" என்பார்கள், வயதானவர்கள் "கண்ணு" என்பார்கள். பிழைத்தது அப்படித்தான்.

ஸ்காப் என்ற சொல்லை நான் நர்ஸாகத்தான் முதலில் கற்றேன். புண் ஆறும்போது மேலே கட்டுகிற பக்கு. சுரங்கத்துக்காரன் சட்டையைக் கழற்றினால் முதுகெலும்பு நெடுக, பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி, பக்குகள் வரிசையாக இருக்கும். கூரை தாழ்ந்த இடத்தில் குனிந்து நடந்து, தினமும் அதே இடத்தில் உரசி, தினமும் அதே இடத்தில் ஆறி வந்த பக்குகள். "ஸ்காப்பைப் பிய்க்காதே" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

அதே சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது வேலைநிறுத்தத்தின்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஊரே வேலையை நிறுத்திவிட்டு நிற்கையில் ஒருவன் மட்டும் உள்ளே போனால் அவன் ஸ்காப். நம் ஊரில் கருங்காலி என்போம். என் அப்பா மில் தொழிலாளி. அந்தச் சொல்லை அவர் வீட்டுக்குள் சொல்லமாட்டார். முற்றத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு, துப்பிவிட்டு வருவார்.

எண்பத்து நாலு மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுரங்கங்களை மூடப் போகிறோம் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கார்த்வெல்லில் கடைசி ஆள் வரை வெளியே வந்தான். கேன்டீன் பெண்களும் சங்கத்தில்தான் இருந்தார்கள், அவர்களும் வந்தார்கள். தொழிலாளர் பொதுக்கூடமான வெல்ஃபேர் ஹாலில் பொது அடுப்பு மூட்டினார்கள். அதற்குத் தலைவி ஒலிவ். வேறு யாரையும் யாரும் யோசிக்கவே இல்லை. ஒரு நாளைக்கு இருநூற்று முப்பது சாப்பாடு. உருளைக்கிழங்கு, கேரட், கிடைத்தால் கொத்துக்கறி, கிடைக்காவிட்டால் வெங்காயக் குழம்பு. அதைத் தொடங்குவதற்கு முன் விடிகாலையில் சுரங்க வாசலில் மறியலுக்கு நிற்பாள். கருங்காலிகளை ஏற்றிக்கொண்டு ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பஸ் வரும். ஒலிவ் கத்துவாள். நூறு பேர் கத்தினாலும் அவள் குரல் தனியாகத் தெரியும்.

அவள் கணவன் வில்ஃப் ரெய்ன். அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் எதுவும் இருந்ததில்லை. பதினைந்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவன். மெலிந்த ஆள். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் இல்லை. அந்த ஜனவரியில் பனியில் சுரங்கக் கழிவு மேட்டைத் தோண்டி அடுப்புக்குக் கரி பொறுக்கும்போது, கல் சரிந்து அவன் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்ற அவர்கள் வீட்டுக்குப் போவேன். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி நடுவில் ஒரு திங்கட்கிழமை. காலை ஆறரை இருக்கும், இன்னும் வெளுக்கவில்லை. இன்சுலின் ஊசி போட வேண்டிய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுரங்க வாசல் சாலையில் போலீஸ் என் காரை நிறுத்திவிட்டது. இறங்கி நின்றேன். பத்தடி தள்ளி ஒலிவ், கம்பளித் தொப்பியும் கணவனின் பழைய கோட்டுமாக. பஸ் விளக்குகள் தெரிந்தன.

உள்ளே இருந்தவர்கள் வழக்கம்போலத் தலையைக் குனிந்து, மப்ளரால் முகத்தை மூடியிருந்தார்கள். ஒருவன் மட்டும் மூடவில்லை. முன்சீட்டில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வில்ஃப்.

ஒலிவ் அதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிட்டாள். சொல் பாதி வெளியே வந்திருந்தது. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் பஸ் ஜன்னலில் நின்றது. வாய் மூடவில்லை. மீதிச் சொல்லையும் கத்தினாள். பிறகு இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. பஸ் திரும்பி வாசலுக்குள் போகும்வரை அந்த ஒரே சொல்லைக் கத்திக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

யாரும் அவள் பக்கம் வரவில்லை. அவள் நேராக வெல்ஃபேர் ஹாலுக்கு நடந்தாள், உருளைக்கிழங்கு உரிக்க.

அங்கே நடந்ததை மறுநாள் அவளே சொன்னாள். சங்கச் செயலாளர் டெரிக் ஸ்டோபர்ட் சமையலறை வாசலில் வந்து நின்றானாம். நாற்பது வயதுக்காரன். நியாயஸ்தன் என்று பெயர் எடுத்தவன்.

"ஒலிவ், நீ இன்னைக்கு வீட்டுக்குப் போயேன்."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

"எனக்கு எப்படி இருக்குன்னு கேட்டியாடா? நான் பஸ்ல போனேனா? என்னை அதுல பாத்தியா?"

"அப்படிச் சொல்லல..."

"அப்ப நகரு. குழம்பு அடிப்பிடிக்குது."

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு போட்டாள். இரண்டு பெண்கள் தட்டை அவளிடம் நீட்டாமல் பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினார்கள். பதினோரு மாதமாக அவள் கையால் தின்றவர்கள்.

மாலையில் வீடு திரும்பும்போது சுவரில் எழுதியிருந்தது. முன் ஜன்னலுக்குக் கீழே, வெள்ளைப் பெயின்டில், முழ உயர எழுத்து: ஸ்காப். வில்ஃப் வாளியில் தண்ணீரும் தேய்க்கிற பிரஷ்ஷுமாகக் குந்தியிருந்தான். ஒலிவ் பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

"விடு. அழிக்காதே."

"ஒலிவ், தெருவே பாக்குது."

"பாக்கட்டும். இன்னைக்கு முழுக்க நீ உருப்படியா சம்பாதிச்சது அது ஒண்ணுதான்."

செவ்வாய்க்கிழமை நான் கட்டு மாற்றப் போனபோது இருவரும் சமையலறையில் இருந்தார்கள். அவன் சுரங்கத்திலிருந்து திரும்பி, காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தான். ஒலிவ் எனக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவினாள். கழுவினாள் என்பதைவிட அடித்தாள் என்று சொல்லலாம். நான் பழைய கட்டைப் பிரித்தேன். புண் ஓரங்களில் நன்றாகப் பக்குக் கட்டியிருந்தது. நடுவில் யாரோ பிய்த்த மாதிரி ரத்தம்.

"கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றேன்.

ஒலிவ் திரும்பினாள். "கேளு நர்சு, நீயாவது கேளு. ஏன் போனேன்னு கேளு. நான் நேத்து ராத்திரியிலேருந்து கேக்குறேன், தெரியலைங்கிறான். ஒடம்பு சரியில்லையா? இல்லையாம். யாராவது மிரட்டுனானா? இல்லையாம். இருபத்தொம்பது வருஷம் ஒரே கட்டில்ல படுத்திருக்கோம், தெரியலையாம்!"

எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கையில் ஏதாவது வழி இருக்காதா என்றும் தோன்றியது. "மனசு சரியில்லாம போச்சுன்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கலாம்" என்றேன். "சங்கத்துக்குக் காட்டலாம். ஏதோ தெரியாம போயிட்டதா..."

"வேண்டாம்" என்றான் வில்ஃப். "மனசு நல்லாத்தான் இருக்கு."

பிறகு அவனே பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"தட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன், நர்சு. தினமும். வரிசையில. இவ கரண்டியோட நிக்கிறா. எனக்கு முன்னால நிக்கிறவனுக்கு ரெண்டு உருளைக்கிழங்கு. எனக்கு ரெண்டு. பின்னால நிக்கிறவனுக்கு ரெண்டு. என் மூஞ்சியைக்கூட இவ பாக்கல. பதினோரு மாசம். இவ ஹாலுக்கே ராணி ஆயிட்டா. நான் தட்டு. சனிக்கிழமை அப்படி நிக்கும்போது தோணுச்சு, இனிமே நிக்க முடியாதுன்னு. வேற ஒண்ணும் இல்ல."

ஒலிவின் காது ரத்தமாகச் சிவந்திருந்தது.

"உருளைக்கிழங்கா?" என்றாள். "உருளைக்கிழங்குக்காகவா போனே? உனக்கு மூணா வச்சிருந்தா போயிருக்க மாட்டியா?"

"அப்படி இல்ல..."

"பிள்ளைக்குப் பால் இல்லைன்னு போனவனைப் பாத்திருக்கேன். அவனையும் திட்டுனேன், ஆனா அவனுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நீ ஒரு கரண்டிக்காகப் போயிருக்கே. எனக்கு வெளியில சொல்லிக்கக்கூட ஒண்ணும் மிச்சம் வைக்கலையே!"

நான் கட்டை முடித்து ஊக்கு மாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. தோற்றுத்தான் முடிந்தது. சங்கக் கொடிக்குப் பின்னால், வாத்தியக்குழு முன்னால் போக, எல்லோரும் வரிசையாகச் சுரங்கத்துக்கு நடந்தார்கள். ஒலிவ் பெண்கள் வரிசையில் முதலில் நடந்தாள், பக்கத்தில் யாரும் இல்லாமல். வில்ஃப் அன்று வீட்டுக்குள் இருந்தான். இன்னும் பதினைந்து நாள் அந்தத் தட்டோடு நின்றிருந்தால் அந்த ஊர்வலத்தில் அவனும் இருந்திருப்பான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எதையாவது போட்டு உடைக்கத் தோன்றும். ஒலிவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதற்குப் பிறகு சுரங்கத்துக்குள் யாரும் வில்ஃப்போடு பேசவில்லை. ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டில் போகும்போது முதுகைக் காட்டி நிற்பார்கள். அவன் உட்கார்ந்த பலகையில் உட்காரமாட்டார்கள். கேன்டீனில் அவன் வரிசையில் வந்தால் ஒலிவ் எல்லோருக்கும் போடுகிற அளவு போடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். இது அவன் செய்ததற்கு என்று விட்டுவிடலாம். ஆனால் கசாப்புக் கடையில் ஒலிவ் நுழைந்தாலும் பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் சீட்டாட்டத்துக்கு அவளை அழைக்கவில்லை. தெருவில் குழந்தைகள் அவள் பின்னால் பாட்டுப் பாடின. ஸ்காப் பொண்டாட்டி என்பதே அவள் பெயராகிவிட்டது. ஒரு வருடம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல் வாசலில் நின்றவள். அந்த ஊரிலேயே அந்தச் சொல்லை அதிகம் கத்தியவளும் அவள்தான். அதைத் தூக்கி அவள் மேலேயே போட்டார்கள்.

எண்பத்தாறு கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். வெளியே நின்றவனுக்கும் உள்ளே போனவனுக்கும் ஒரே கடிதம், ஒரே தேதி. அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் மேல் வர வேண்டிய கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று நான் யோசித்திருக்கிறேன். அவர்கள் தூரத்தில் இருந்தார்கள். வில்ஃப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் இருந்தான்.

ஊருக்குள் அவனுக்கு யாரும் வேலை தரவில்லை. நாலு மைல் மேலே மலைச்சரிவில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஆல்டர்சன் என்பவர் சேர்த்துக்கொண்டார். வேலி அடைப்பது, ஆட்டை மருந்துத் தொட்டியில் முக்குவது. எண்பத்தெட்டு இலையுதிர் காலத்தில் அந்த மந்தைக்கு நோய் வந்தது. ஆட்டுச் சொறி. ரோமத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ஆடு கல்லிலும் வேலியிலும் உரசி உரசி ரோமம் கொத்தாக உதிரும், தோல் பக்குப் பக்காகக் கட்டும். ஒரு ஆட்டுக்கு வந்தால் மந்தை முழுக்க வரும். சட்டப்படி பண்ணை வாசலில் பலகை வைக்க வேண்டும். வெளி ஆடு உள்ளே வரக்கூடாது, உள் ஆடு வெளியே போகக்கூடாது. ஆங்கிலத்தில் அந்தச் சொறிக்கும் பெயர் ஸ்காப்தான். பலகையில் பெரிய கறுப்பு எழுத்தில் அதுதான் எழுதியிருந்தது.

பலகை வைத்த மூன்றாம் நாள் காலை அது ஒலிவ் வீட்டு வாசற்கதவில் தொங்கியது.

அன்று நான் அந்தத் தெருவில் வேறொரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒலிவ் நடுத்தெருவில் பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி என் காரை மறித்தாள்.

"டர்ஹாம் போறியா?"

"மத்தியானம் போவேன்."

"என்னை லைப்ரரியில எறக்கி விடு. இந்தச் சொல்லு எவன் வீட்டுலேருந்து வந்துச்சுன்னு நான் பாக்கணும். மூணரை வருஷமா சுவத்துல, இப்ப கதவுல. பெத்தவன் யாருன்னு தெரியாமலே நான் இதைச் சுமக்கணுமா?"

நூலகத்தில் பெரிய அகராதி பல தொகுதிகளாக இருந்தது. எஸ் எழுத்துத் தொகுதியை நூலகர் மேசையில் கொண்டுவந்து வைத்தார். எழுத்து பொடி. ஒலிவ் கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் விரலை வைத்துப் படித்தேன், அவள் என் தோளுக்கு மேலே குனிந்து கேட்டாள்.

ஆயிரம் வருடத்துக்கு முன் வடகடல் தாண்டிப் படகில் வந்து கரையேறியவர்களின் பேச்சிலிருந்து வந்த சொல். முதலில் சொறி, சிரங்கு. வேரைத் தோண்டினால் 'சொறிவது' என்றே பொருள். பிறகு ஆட்டு நோய். அதற்கும் பிறகுதான் ஆறுகிற புண்ணின் பக்கு. நானூறு வருடத்துக்கு முன் யாரையாவது கேவலமானவன் என்று திட்ட அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தக்காரர்கள் கைக்கு அது வந்து இருநூறு வருடம்தான் ஆகிறது. நடுவில் ஒரு குறிப்பு இருந்தது: திட்டுகிற பொருள் டச்சுக்காரர்களிடமிருந்து வந்திருக்கலாம். அவர்கள் பழைய பேச்சில் நடத்தை கெட்டவளையும் சண்டைக்காரியையும் அப்படிச் சொன்னதுண்டு.

"என்னது? திரும்பப் படி" என்றாள்.

திரும்பப் படித்தேன்.

"சண்டைக்காரியா?" அவள் குரல் உயர்ந்தது. "வாயாடிப் பொம்பளையா? அப்ப வில்ஃபுக்கு முன்னாடி நான்தானா? எனக்கு வச்ச பேரையாடி நான் அவனுக்குக் கொடுத்தேன்?"

நூலகர் உதட்டில் விரல் வைத்தார்.

"நீ சும்மா இரு தம்பி" என்றாள் ஒலிவ். "நான் என்ன கதைப் புஸ்தகமா படிக்கிறேன்?"

திரும்பி வரும்போது ஊர் எல்லை வந்ததும், "கிளப் வாசல்ல நிறுத்து" என்றாள். தொழிலாளர் கிளப்பில் ஆண்கள் குடிக்கும் அறைக்குள் பெண்கள் போகக்கூடாது. பின்னால் அவர்களுக்குத் தனி அறை உண்டு. ஒலிவ் முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். பயந்துகொண்டுதான் போனேன்.

நாலு பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்த மேசையில், காய்களுக்கு மேலேயே பலகையைப் போட்டாள்.

"எந்த ஸ்காப்?" என்றாள். "ஒருத்தன் எழுந்து சொல்லு. ஆட்டுக்கு வந்ததா, புண்ணு மேல கட்டுறதா, வில்ஃபா, நானா? இப்பதான் அகராதியைப் பாத்துட்டு வரேன். நிறைய இருக்கு. எதை என் கதவுல மாட்டுனீங்க?"

மது ஊற்றுகிறவன், "ஒலிவ், இங்க பொம்பளைங்க..." என்று தொடங்கினான். அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

டெரிக் ஸ்டோபர்ட் மூலையிலிருந்து எழுந்தான். "நான்தான் மாட்டினேன்."

அவனாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

"நீயா?"

"நான்தான். உன் புருஷனுக்காக."

"கதவு அவனுக்கு மட்டும் சொந்தமாடா? அந்தக் கதவு வழியாத்தானே விடிகாலையில எழுந்து உங்களுக்குக் கிழங்கு உரிக்க வந்தேன்? நீ தின்னதில்ல? உன் பொண்டாட்டி தின்னதில்ல?"

"தின்னேன். அதுக்கு நன்றி இருக்கு, சாகுறவரைக்கும் இருக்கும். என் தம்பி லெஸ் மறியல்ல நின்னதுக்கு ஏழு வாரம் ஜெயில்ல இருந்தான். வேலை போச்சு, திரும்பக் கெடைக்கல, பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. இப்ப சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அவன்கிட்ட போய் எல்லாத்தையும் மறந்துடுடான்னு சொல்லு பாப்போம்."

"மறக்கச் சொல்லி எவன்டா கேட்டான்?" ஒலிவ் மேசையை அறைந்தாள், டோமினோக்கள் சிதறின. "நான் மறந்தேனா? மூணரை வருஷமா அவனோட ஒரே வீட்டுல இருக்கேன், ஒரு நாள் மறந்தேனா? சுவத்துல எழுதினதை நான் அழிச்சேனா? அவனை வெறுக்கணும்னா வெறுங்க. நீங்க எல்லாம் சேந்து வெறுக்கிறதைவிட நான் ஒருத்தி அதிகமா வெறுத்திருக்கேன், அவனுக்குச் சோறும் போட்டிருக்கேன். ஆனா கசாப்புக் கடையில நான் நுழைஞ்சா வாயை மூடுறீங்களே, அது எதுக்கு? நான் எந்த நாள் உள்ள போனேன்? தேதி சொல்லு! சங்கத்துல எழுதி வச்சிருப்பியே, எடு!"

டெரிக் தரையைப் பார்த்தான்.

"இன்னொண்ணு" என்றாள், மூச்சு வாங்க. "அந்தப் பலகை வெளையாட்டுச் சாமான் இல்ல. ஆல்டர்சன் வாசல்ல அது இல்லாம இன்னைக்குப் பக்கத்துப் பண்ணை ஆடு உள்ள போயிருந்தா? அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணினான்? எந்தக் கையால கழட்டினியோ அந்தக் கையால கொண்டுபோய் மாட்டு."

அவன் பலகையை எடுத்துக்கொண்டான். கார் இருந்தும் நடந்தே போனான், நாலு மைல், மேட்டில். அங்கே நடந்ததை ஆல்டர்சன் பிறகு எனக்குச் சொன்னார். வாசலில் வில்ஃப்தான் வேலி அடித்துக்கொண்டிருந்தானாம். டெரிக் அவன் சுத்தியலை எடுத்து, பலகையைக் கம்பத்தில் வைத்து ஆணி அடித்தான். வில்ஃப் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான்.

"இடது பக்கம் தாழ்ந்திருக்கு" என்றான்.

டெரிக் ஆணியைப் பிடுங்கி நேராக அடித்தான். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தான். இறங்கிப் போய்விட்டான். வில்ஃப் பஸ்ஸில் ஏறிய நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒலிவ் வீட்டுக் கதவில் யாரும் எதுவும் மாட்டவில்லை. அவளோடு பேசவும் இல்லை. அவள் எட்டு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குப் போனாள். கறியும் அந்த ஊரிலேயே வாங்கினாள்.

தொண்ணூற்றேழு நவம்பரில் வில்ஃப் செத்தான். நுரையீரலில் கரித்தூசி. கடைசி நாலு மாதம் நான் தினமும் போனேன். ஒலிவ் அவனைத் தூக்கி உட்காரவைப்பாள், வாயைத் துடைப்பாள், திட்டுவாள். அவன் ஒருமுறை, "இன்னுமா கோவம்?" என்று கேட்டான். "உனக்கு என்ன அவசரம்?" என்றாள் அவள்.

பெட்டியைச் சுமக்க ஆறு பேர் வேண்டும். ஆல்டர்சன் தன் இரண்டு மகன்களோடும் பண்ணை ஆட்கள் இருவரோடும் வந்தார். ஐந்து பேர். ஊரில் ஒருவனிடமும் கேட்கக்கூடாது என்று ஒலிவ் சொல்லிவிட்டாள். அடக்கம் நடத்துகிறவர் தன் ஆள் ஒருவரைத் தருகிறேன் என்றார்.

"முன்ன பின்ன தெரியாதவன் எதுக்கு? நான் தூக்குறேன்" என்றாள்.

"அம்மா, பெண்கள் தூக்கும் வழக்கம்..."

"தூக்குறேன்னு சொன்னேன்."

அறுபத்தொரு வயதில், கறுப்புக் கோட்டோடு, இடது பின்மூலையில் தோளைக் கொடுத்தாள். மழையில் கல்லறைப் பாதை வழுக்கியது. அவள் சறுக்கவில்லை. சாலைக்கு அந்தப்புறம் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். டெரிக்கும் நின்றான். அவர்கள் உள்ளே வரவில்லை, ஆனால் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். ஒலிவ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாம் முடிந்து காரில் ஏறும்போது என்னிடம் சொன்னாள்: "நான் மன்னிச்சிட்டேன்னு ஊர்ல எவளாவது சொன்னா, இல்லைன்னு சொல்லு. மன்னிச்சதுக்காகத் தூக்கல. வேற ஆள் இல்ல, அதான்."

சொல்கிறேன் என்றேன். இரண்டு மூன்று பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அந்தக் குளிர்காலத்திலேயே ஒரு நாள் அவளோடு கசாப்புக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவளுக்கு இடுப்பு வலி, எட்டு மைல் போக முடியவில்லை. நுழைந்ததும் பேச்சு நின்றது. வரிசையில் எங்களுக்கு முன்னால் டெரிக்கின் மனைவி. அவள் கொஞ்ச நேரம் கூடையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு பாதி திரும்பி, ஒலிவின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி, "மழை வரும்போல" என்றாள்.

ஒலிவின் காது சிவப்பதை நான் பார்த்தேன்.

"பன்னெண்டு வருஷமா வந்துக்கிட்டுதான்டி இருக்கு" என்றாள். பிறகு கசாப்புக்காரனைப் பார்த்து, "கால் கிலோ கொத்துக்கறி, கொழுப்பு இல்லாம" என்றாள்.